நாற்பத்தோரு தோல்கள்

அந்த ஒன்றரை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று யாராவது கேட்டால் ‘ஃபார்மிங்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். கேட்பவர்களும் தக்காளி, கத்திரிக்காய் என்று எதையோ நினைத்துக்கொண்டு ‘சூப்பர் சார்’ என்பார்கள். ரெஸ்யூமேயில் அந்த இடத்தில் ‘குடும்பத் தொழில்’ என்று போட்டிருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை. நாங்கள் வேலூர்ப் பக்கம் பேரணாம்பட்டுத் தோல்காரர்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு வருஷம் நான் நியூ ஜெர்சியில் ரோமத்துக்காக ஸ்கங்க் வளர்த்தேன்.

ஸ்கங்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பூனை அளவு இருக்கும். கறுப்பு உடம்பு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. பயந்தால் வாலைத் தூக்கிப் பின்பக்கத்திலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். அது துணியில் பட்டால் துணியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் ஒன்றைத் தாண்டி அரை மைல் போன பிறகும் காருக்குள் அந்த நாற்றம் இருக்கும். நாங்கள் அப்போது குடியிருந்த ஐசலினில் எங்கள் நண்பர்கள் அதை நாத்தப்பூனை என்பார்கள். அதன் ரோமத்தைக் கோட்டுக் காலரில் வைத்துத் தைக்கிறார்கள் என்பது எனக்கே 2002 வரை தெரியாது.

அந்த வருஷக் கோடையில் எனக்கு வேலை போனது. எங்கள் டீமில் பதினோரு பேரை ஒரே மீட்டிங்கில் அனுப்பினார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்திருந்ததால் ஊருக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். கிண்டர்கார்டனில் என் மகளை ‘என் அப்பா என்ன வேலை செய்கிறார்’ என்று படம் வரையச் சொன்னபோது, நான் சோஃபாவில் ரிமோட்டோடு படுத்திருப்பதை வரைந்துகொண்டு வந்தாள். டீச்சர் அதில் ஒரு ஸ்மைலி ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தார்.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், மாநிலத்தின் தெற்கே ஒன்றரை மணி நேர தூரத்தில் கேஸ் ஸ்டேஷனும் அதோடு ஒட்டிய கடையும் வைத்திருந்தார். பிறந்த ஊரை விட்டு இருபது வருஷம் ஆகியும் பேச்சில் ஊர் போகாத மனுஷன். ஒரு நாள் போன் பண்ணினார்.

“மாப்ளே, ஒரு வெள்ளைக்காரக் கெழவன் தெனம் காபிக்கு வர்றான் நம்ம கடைக்கு. நாப்பது வருஷமா ஸ்கங்க் வளக்கறான், ஃபர்ருக்கு. இப்ப முட்டி போச்சு, முடியல. ஃப்ளோரிடால மகன்கிட்ட போறானாம். எடத்தை நான் லீஸ் எடுத்துக்கறேன். பெர்மிட் மாத்த கையெழுத்து போட்டுத் தரேன்றான். நீ வந்து பாத்துக்க. நாம தோல்காரங்க மாப்ளே, நாம எடுக்காம வேற யாரு எடுப்பா?”

மச்சானுக்கு எதையும் இரண்டு தடவை யோசிக்கும் பழக்கம் கிடையாது. எனக்கு எதையும் இருபது தடவை யோசித்துவிட்டுத் தப்பானதைச் செய்யும் பழக்கம். போய்ப் பார்த்தேன்.

வீட்டுக்குப் பின்னால் நீளமான மர ஷெட். உள்ளே இரண்டு வரிசைக் கூண்டு. பன்னிரண்டு பெண், இரண்டு ஆண், அவ்வளவுதான் மிச்சம் வைத்திருந்தார் கிழவர். அதிகம் பேசாத ஆள். குட்டி பிறந்து ஐந்தாவது வாரத்தில் நாற்றச் சுரப்பியை எடுத்துவிட வேண்டும், அதற்கு மட்டும் ஒரு முறை வந்து செய்து காட்டுகிறேன் என்றார். தூக்கும்போது இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கு என்றார். டிசம்பரில் ரோமம் முதிரும், ஜனவரியில் வியாபாரி வேனோடு வருவான் என்றார். கடைசியாக ஒன்றை இரண்டு தடவை சொன்னார். உரித்த தோலுக்குத் தண்ணீர் காட்டாதே. கொழுப்பைச் சுரண்டு, பலகையில் மாட்டிக் காயப்போடு, காய்ந்ததை அப்படியே வியாபாரியிடம் கொடு. பதனிடுவது வேறு ஆட்கள் செய்யும் வேலை.

மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் தோல் தொழில்தான் என்று நான் சொன்னேன். கிழவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ‘குட்’ என்றார்.

என் மனைவி உடனே சரி என்று சொல்லவில்லை. அவளும் பேரணாம்பட்டுதான். தோலைப் பற்றி அவளிடம் யாரும் கதை விட முடியாது.

“ஏங்க, நம்ம ஊர்ல தோல் எப்படி வருது? கறியை நாலு பேரு தின்னு, மிச்சம் வர்றது தோல். இதை யாரும் திங்கப் போறதில்ல. தோலுக்காக மட்டுமே ஒரு உயிரைக் கொல்லப் போறோம். கேட்டுட்டுச் செய்யலாம்.”

பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு அவளே போன் பண்ணினாள். அவர் பொறுமையாகச் சொன்னாராம். அறுக்காமல் செத்ததன் தோல் பச்சையாக இருக்கும்வரை அசுத்தம், அதை விற்கக் கூடாது. பதனிட்டுவிட்டால் சுத்தம், விற்கலாம். உபயோகத்துக்காகத் துன்புறுத்தாமல் கொல்வது வேறு. வீணாகக் கொல்வது பெரிய பாவம், அதற்குக் கேள்வி உண்டு. பதனிட்டால் தோல் சுத்தம் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த ஒரு சட்டத்தின் மேல்தான் ஊரே நிற்கிறது.

அன்றைக்கு அவள் எனக்கு நிபந்தனை போட்டாள். “பதனிட்டுத்தான் விக்கணும். ஒண்ணுகூட வீணாப் போகக் கூடாது. ஒரு சீசன் பாக்கறேன். அது சரியா வரலைன்னா நானும் பாப்பாவும் ஊருக்குப் போயிடறோம்.”

சரி என்றேன். தண்ணீர் காட்டாதே என்று கிழவர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், திரும்ப சோஃபாவுக்குப் போக வேண்டும். எல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்து வைத்தது நான்தான்.

2003 மார்ச்சில் குடிபோனோம். மே மாதம் குட்டிகள் பிறந்தன. ரோமம் வருவதற்கு முன்பே, கோடு போட்டு வைத்தது போல, தோலில் வெள்ளைக் கோடு தெரியும். கிழவர் சொன்னபடி வந்து சுரப்பியை எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். என் கையில் இரண்டு குட்டி செத்தன. அடுத்து வயிற்றுப்போக்கில் சில போயின. கோடை முடியும்போது நாற்பத்தோரு குட்டிகள் நின்றன.

என் மனைவி முதல் மாதம் ஷெட் வாசலோடு நின்றாள். அதற்குப் பிறகு குட்டி போட்டவற்றுக்கு என்று சோற்றில் அவித்த முட்டையும் கோழிக்கழிவும் பிசைந்து வைக்க ஆரம்பித்தாள். கையில் உறை மாட்டிக்கொண்டு தொட்டவள் பிறகு உறை இல்லாமலே தொட்டாள். மகள் ஒவ்வொரு குட்டிக்கும் தன் வகுப்புப் பிள்ளைகளின் பேரை வைத்தாள். அது வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் வேடிக்கையாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சுரப்பியை எடுத்தாலும் நாற்றம் முழுக்கப் போகாது. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பிடிப்பவன் வெளியூர்க்காரன். இங்கே நாங்கள்தான் வெளியூர்க்காரர்கள். ஜும்மா தொழுகையில் பக்கத்தில் நின்ற ஆள் தக்பீர் சொல்லிக் கை கட்டுவதற்குள் வரிசை மாறிப் போனார். கோட்டைக் கழற்றி அவர் தலையில் போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஐசலினில் நம்மவர் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை ஆன்ட்டி, பில் போட்டுக்கொண்டே, “என்னம்மா, பேஸ்மென்ட்ல ஏதாவது செத்துக் கிடக்கா?” என்று என் மனைவியிடம் கேட்டார். கேலிதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. சாமான் வாங்க நான் மட்டும் போனேன். அவளோடு பேச அந்தப் பண்ணையில் என்னையும் மகளையும் தவிர யாருமில்லை, மகளும் இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள்.

நோன்பு அந்த வருஷம் நவம்பர் கடைசியில் முடிந்தது. நோன்பில் வேண்டாம், பெருநாள் கழியட்டும் என்று மச்சான் சொன்னார். பெரிய பதினான்கை அடுத்த வருஷக் குட்டிக்கு என்று விட்டுவிட்டு, டிசம்பர் முதல் வாரம் ஆரம்பித்தேன்.

கிழவர் விட்டுப்போன ப்ளைவுட் பெட்டி ஒன்று இருந்தது. பிக்கப் வண்டியின் புகையை அதற்குள் விட வேண்டும். குளிரில் அவை கொழுத்து, அரைத் தூக்கத்தில் இருக்கும். இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினால் கடிக்காது, திமிறாது. கையிலிருந்து சோறு தின்று வளர்ந்தவை. தூக்குகிறவன் சோறு போடப்போகிறான் என்றுதான் அவை நினைத்தன. ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லா சொன்னேன். தின்பதற்கு அறுக்கவில்லை, சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் என்னால் பெட்டியின் கதவை மூட முடியவில்லை.

மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் என் மனைவி வீட்டுக்குள் வேக்வம் க்ளீனரை ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஒரே கார்ப்பெட்டைத் திரும்பத் திரும்ப. பிக்கப் எஞ்சின் சத்தம் காதில் விழக் கூடாது என்று. நான் உள்ளே வந்தால்தான் அதை நிறுத்துவாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சோறு போடுவாள்.

ஸ்கூலிலிருந்து வந்த மகள் காலிக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு, “அத்தா, வேர் டிட் தே கோ?” என்றாள்.

“குளிருக்கு வேற எடத்துல தூங்குதுங்க,” என்றாள் என் மனைவி. என் பிள்ளைக்கு அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உரிப்பதற்கு மச்சான் வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கத்தி பிடிக்கத் தெரியாது. ஊரில் எங்கள் குடும்பம் தோலை வாங்கிப் பதனிட்ட குடும்பம், உரித்த குடும்பம் இல்லை. நாலைந்து தோலில் கை பழகிவிட்டது. கொழுப்பைச் சுரண்டி, ஒவ்வொன்றையும் கூர்மையான பலகையில் மாட்டி, ஷெட்டில் வரிசையாகச் சாய்த்து வைத்தோம். இரண்டு வாரத்தில் காய்ந்தன. நாற்பத்தோரு பலகை. கதவைத் திறந்தால் வெளிச்சம் அந்தக் கறுப்பு ரோமத்தில் வழியும். நான் காலையும் மாலையும் போய் அதைத் தடவிப் பார்ப்பேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். எதையோ உருப்படியாகச் செய்து முடித்த ஆளைப் போல நடந்துகொண்டேன்.

“சூப்பர் மாப்ளே,” என்றார் மச்சான். “இதை அப்படியே குடுத்துட்டாலே போதுமே.”

“பதனிட்டுத் தரேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன் மச்சான்.”

“ஒனக்குத் தெரியுமா அது?”

“என்ன மச்சான், நம்மகிட்டயே கேக்கறீங்க?”

வியாபாரி ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். இணையத்தில் தேடினேன். ரோமத்தோடு பதனிட ஒரு பொடி விற்றார்கள், வரவழைத்தேன். கூடவே ஒரு காகிதம் வந்தது. காய்ந்த தோலைக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் மட்டும் ஊற வை, மெத்தென்று ஆனதும் எடுத்துவிடு என்று போட்டிருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். சில மணி நேரமாம். எங்கள் அத்தாவின் தோல் ஷாப்பில் காய்ந்த தோலை இரண்டு ராத்திரி ஊற வைக்காமல் தொட்டியிலிருந்து எடுக்க மாட்டார்கள். அரைகுறையாக ஊறிய தோலில் மருந்து ஏறாது என்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

பேஸ்மென்ட்டில் ஆறு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்தேன். குளிர்ந்த தண்ணீரில் எங்கே ஊறும், ஊரில் வெயிலில் அல்லவா ஊறுகிறது என்று வெந்நீர் கலந்தேன். இரண்டு ஹீட்டர் வைத்தேன். கொழுப்பு போக வாஷிங் சோடா போட்டேன். உப்பு போடவில்லை, ஊரில் தோலிலிருந்து உப்பைப் போக்கத்தான் ஊற வைப்பார்கள். சுண்ணாம்பு மட்டும் கிட்டவே சேர்க்கவில்லை. சுண்ணாம்பு போட்டால்தானே மயிர் உதிரும், அதைப் போடாதவரை பயமில்லை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பத்தொன்றையும் தண்ணீரில் போட்டேன். ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இறங்கிப் போனேன். பேஸ்மென்ட் படியிலேயே ஊர் ஊறல் தொட்டி வாசனை அடித்தது. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. முதல் தோலை எடுத்து, பிழிந்து, கழுத்துப் பக்கம் ரோமத்தைப் பிடித்தேன். ஒரு கைப்பிடி அப்படியே கழன்று வந்தது.

தோல் ஷாப்பில் மயிர் கழல்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. ஆள் தொட்டியில் கை விட்டு ஒரு தோலை இழுத்து, மயிரைப் பிடித்துப் பார்ப்பார். சுத்தமாக வந்துவிட்டால் ‘ஆச்சு’ என்று சத்தம் கொடுப்பார். ஷாப்பே சுறுசுறுப்பாகும். சின்ன வயசில் என்னையும் சில நாள் பிடித்து இழுக்க விடுவார்கள். அந்தப் பழக்கம் கையில் இருந்திருக்கிறது. பேஸ்மென்ட்டில் தனியாக நின்றுகொண்டு, கையில் ரோமத்தோடு, நான் ‘ஆச்சு’ என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன ஆச்சு என்று புரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சுண்ணாம்பு வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் தோல் லேசாக அழுகினாலே மயிர் வேரோடு விட்டுவிடும். எங்கள் ஊரில் அதை யாரும் கெடுதலாகவே நினைத்ததில்லை, எப்படியும் போக வேண்டிய மயிர்தானே. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் செய்ததெல்லாம் தோலிலிருந்து மயிரைப் போக்கியதுதான். மயிரைத் தோலில் நிறுத்தி வைக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி டீயோடு இறங்கி வந்தாள்.

“என்னங்க கையில?”

“மயிரு கழண்டு வருது.”

“எத்தனைல?”

“தெரியல. ஒண்ணுதான் பாத்தேன்.”

டீயைப் படியில் வைத்துவிட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியில் கை விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, பிழிந்து, ரோமத்தைப் பிடித்துப் பார்த்து, தரையில் வரிசையாகப் போட்டாள். நாற்பத்தொன்றையும் பார்த்தாள். என்னை ஒன்றையும் தொட விடவில்லை. ஒன்றாவது தங்கியிருக்கும் என்று தேடினாள் என்று நினைக்கிறேன். கடைசித் தொட்டி முடிந்தபோது அவள் முழங்கைவரை கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

“நான்தானே பதனிடச் சொன்னேன்,” என்றாள். “நான் சொல்லலைன்னா காஞ்சதையே குடுத்திருப்பீங்க. என்னாலதான் எல்லாம் வீணாப் போச்சு.”

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். தண்ணீர் காட்டாதே என்று கிழவர் சொன்னதையும், சில மணி நேரம் என்று காகிதத்தில் இருந்ததையும், இரண்டையும் மீறியது என் திமிர்தான் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பழியை அவள் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

வியாபாரி சொன்னபடி சனிக்கிழமை வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, உரிக்கும்போது அறுந்து, தனியாக எடுத்து வைத்திருந்த நாலைந்து காய்ந்த வால்களைப் பார்த்தார். நல்ல ரோமம், அப்படியே கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருப்பேன் என்றார். வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள். அவர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.

தோல்களைப் புதைக்க வேண்டும் என்றாள். குப்பையில் போட விடவில்லை. தரை உறைந்து கல்லாக இருந்தது. மச்சானிடமிருந்து கடப்பாரை வாங்கி வந்து, ஷெட்டுக்குப் பின்னால் நான் இரண்டு நாள் தோண்டினேன். அவள் பழைய போர்வையில் சுமந்து வந்து போட்டாள்.

ஜனவரி கடைசியில், பக்ரீதுக்கு முன்னால், அவளும் மகளும் ஊருக்குப் புறப்பட்டார்கள். நெவார்க் ஏர்போர்ட்டில் பெட்டிகளைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“கோவத்துல போகல. அந்த பேஸ்மென்டுக்கு மேல என்னால படுக்க முடியல.” பாஸ்போர்ட்டுகளைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள். “மிச்சம் பதினாலு இருக்கு. அதுங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க. யாருக்காவது குடுங்க, பொழைக்கட்டும். அது நல்லபடியா ஒரு எடத்துக்குப் போச்சுன்னு நீங்க சொல்லுங்க, நான் திரும்பி வரேன். இல்லாட்டி என்னைக் கூப்பிடாதீங்க.”

சரி என்றேன். அவளிடம் சரி என்று சொல்வது எனக்கு எப்போதுமே சுலபம்.

முயற்சி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மாநில அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். காட்டில் விடக் கூடாது என்றார் அந்த அம்மாள். வெறிநோய் பரப்பும் பிராணி, தவிர சுரப்பி எடுத்ததால் தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அந்த மாநிலத்தின் பெர்மிட் வேண்டும். பெர்மிட் உள்ள இரண்டு பேரின் நம்பர் கிடைத்தது. ஒருவர் எடுக்கவே இல்லை. பென்சில்வேனியாவில் இருந்த இன்னொருவர், கோடையில் இடம் வரலாம், ஜூனில் கூப்பிடு என்றார். ஃப்ளோரிடாவில் இருந்த கிழவரைக் கேட்டேன். குட்டி போடுவதற்குள் முடித்துவிடு, இழுக்காதே என்றார்.

மார்ச் இரண்டாம் வாரம் டெக்ஸாஸிலிருந்து வேலை வந்தது. ஆறு மாத கான்ட்ராக்ட், நீடிக்கலாம். அடுத்த திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டார்கள். அதே வாரம் மச்சானும் வந்தார்.

“ஷெட்டைக் காலி பண்ணிக் குடு மாப்ளே. கார் நிறுத்த ஒருத்தன் கேக்கறான். அதுங்களை என்னமோ பண்ணு.”

அவரிடம் மூன்று மாதம் தீனி மட்டும் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். திட்டியிருப்பார், ஆனால் செய்திருப்பார். டெக்ஸாஸ்காரர்களிடம் தேதியைத் தள்ளிக் கேட்டிருக்கலாம். ஜூன் வரை எப்படியாவது ஓட்டியிருக்கலாம். ஒன்றையும் கேட்கவில்லை. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் போலிருந்தது. ஒரு ஆபீஸ், ஒரு நாற்காலி, கழுத்தில் ஒரு பேட்ஜ், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பெட்டியை எடுத்தேன். இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கியபோது பெண்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிறு கனத்திருந்தது. உள்ளே அசைந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அசைந்தது போலிருந்தது. டிசம்பரில் ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லா சொன்னவன் அன்றைக்கு ஒன்றுக்கும் சொல்லவில்லை. யார் பேரைச் சொல்லி எதைச் செய்கிறோம் என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது. பதினான்கையும், தோலை உரிக்காமல், அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே புதைத்தேன். மண் அப்போது இளகியிருந்தது, அரை நாளில் வேலை முடிந்தது.

சனிக்கிழமை பேரணாம்பட்டுக்குப் போன் பண்ணினேன்.

“அதுங்க?” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

“பென்சில்வேனியால ஒரு பெரியவர் எடுத்துக்கினாரு. பெரிய பண்ணை. வேன்ல வந்து ஏத்திக்கினு போனாரு.”

“பதினாலுமா?”

“பதினாலும்.”

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. “அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். “எனக்குத் தூக்கமே இல்லைங்க இத்தன நாளா. குட்டியெல்லாம் அங்கயே போடுமா?”

“அங்கயேதான் போடும்.”

மச்சானிடமும் அதையே சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஷெட் காலியாக இருந்தது அவருக்குப் போதும்.

ஜூனில், ஸ்கூல் திறப்பதற்கு முன்பே, இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோவில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீட்டு வரிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் எடுத்திருந்தேன். கான்ட்ராக்ட் நீடித்தது. பிறகு வீடு வாங்கினோம். என்னிடமிருந்து நாற்றம் போய்விட்டது. ஜும்மாவில் என் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். என் மனைவி அக்கம்பக்கத்தோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். பதனிடச் சொன்னது தன் தப்புதான் என்று இன்னும் நினைக்கிறாள். ஆனால் மிச்சமிருந்த பதினாலும் பிழைத்ததால் அல்லாஹ் தன்னை மன்னித்திருப்பான் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

மகள் இரண்டு வருஷம் வரை அவற்றைப் பார்க்கப் பென்சில்வேனியா போகலாம் என்று நச்சரித்தாள். ரொம்ப தூரம் என்றேன், பிறகு மறந்துவிட்டாள். என் மனைவி மறக்கவில்லை. ஒவ்வொரு நோன்பிலும், நோன்பு திறக்கும் முன், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு துவா கேட்பாள். அவள் அத்தாவுக்கு, அம்மாவுக்கு, என் அத்தாவுக்கு, மச்சானின் சுகத்துக்கு. பிறகு, அந்தப் பதினாலையும் காப்பாற்றின பென்சில்வேனியாப் பெரியவருக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனசையும் கொடு யா அல்லாஹ் என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆமீன் சொல்வேன். இந்த வருஷமும் சொன்னேன்.